அம்மாவின் சிடி அறிக்கையில் "7 மில்லிமீட்டர் முடிச்சு": இதை எப்படிப் புரிந்துகொள்வது?

பொங்கோல்வாசி | 3 மார்ச், இரவு 10.20

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 71. சென்ற வாரம் நள்ளிரவில் இடது விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிறு வரை இறங்கிய வலியால் அவர் துடித்ததால், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். சிறுநீரகக் கல்லாக இருக்கலாம் என்று சிடி ஸ்கேன் எடுத்தார்கள். கல் இருந்தது, வலிமருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள், மூன்றாம் நாள் அது தானாகவே வெளியேறிவிட்டது.

எங்கள் கவலை இப்போது கல்லைப் பற்றியதன்று. அறிக்கையை எனக்குத் தெரிந்த தமிழில் முழுமையாகத் தருகிறேன். "இடது சிறுநீர்க்குழாயின் கீழ்முனையில் 4 மில்லிமீட்டர் கல், அதற்கு மேலே குழாய் இலேசாக விரிந்துள்ளது. வலது சிறுநீரகத்தில் சாதாரண நீர்க்கட்டி. கல்லீரலில் சிறிதளவு கொழுப்பு. எல் 1 முள்ளெலும்பின் (கீழ்முதுகின் முதல் எலும்பு) மேல்விளிம்பு சற்று அமிழ்ந்துள்ளது, பின்விளிம்பு நேராக உள்ளது, எலும்பு அரிப்பு இல்லை. படத்தில் தெரியும் நுரையீரல் அடிப்பகுதியில், வலது கீழ் மடலில் 7 மில்லிமீட்டர் அளவுள்ள திடமான முடிச்சு ஒன்று காணப்படுகிறது. முந்தைய படங்கள் இருந்தால் ஒப்பிடவும். இல்லையெனில் நெஞ்சுப் பகுதிக்குத் தொடர் சிடி பரிந்துரைக்கப்படுகிறது. நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்."

அம்மா வாழ்நாளில் புகைபிடித்ததில்லை. இது புற்றுநோயா, இல்லையா என்று ஏன் நேராக எழுதவில்லை? "பொருத்திப் பார்க்கவும்" என்றால் யார் பொருத்திப் பார்ப்பது? தூக்கம் வரவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

ஈசூன்_நண்பர் | 3 மார்ச், இரவு 10.48

சகோதரி, காத்திருக்க வேண்டாம். தனியார் மருத்துவரிடம் சென்று ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்துவிடுங்கள். செலவானாலும் மன நிம்மதி கிடைக்கும்.

தெம்பனிஸ்_மருத்துவர் | 3 மார்ச், இரவு 11.30

ஈசூன் நண்பரின் அக்கறை புரிகிறது, ஆனால் இந்த அளவில் ஊசி என்பது முதல் படியன்று. நுரையீரலின் அடிப்பகுதி ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் நகர்கிறது. அங்கே 7 மில்லிமீட்டர் இலக்கை ஊசியால் தொடுவது கடினம், தொட முயலும்போது நுரையீரலில் துளை விழுந்து காற்றுக் கசியவும் கூடும். இத்தகைய முடிச்சுகளுக்கு உலகெங்கும் பலரும் பின்பற்றும் ஃபிளெய்ஷ்னர் சங்கத்தின் 2017 வழிகாட்டி, 6 முதல் 8 மில்லிமீட்டர் வரையிலான திடமான முடிச்சு வயிற்றுப் படத்தில் தற்செயலாகத் தெரிந்தால், உரிய இடைவெளியில் நெஞ்சு முழுவதற்கும் சிடி எடுக்கச் சொல்கிறது. இடைவெளி 3 மாதமா 12 மாதமா என்பது அந்த மனிதருக்கு இருக்கும் ஆபத்தைப் பொறுத்தது. 8 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் பெட் ஸ்கேன் (செல்கள் சர்க்கரையை எவ்வளவு இழுக்கின்றன என்று காட்டும் படம்), திசுப் பரிசோதனை போன்றவை பேச்சுக்கு வரும்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். புகைபிடிக்காதவர் என்பதால் இதை ஒதுக்கிவிடவும் கூடாது. ஆசியப் பெண்களில் புகையைத் தொடாமலேயே நுரையீரல் புற்றுநோய் வருபவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். சிங்கப்பூரில் நாங்கள் இதை அடிக்கடி நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, அவசரமும் வேண்டாம், மறதியும் வேண்டாம்.

கருவிழி | 4 மார்ச், காலை 6.15

நான் ஒரு பொது மருத்துவமனையில் பதினெட்டு ஆண்டுகளாகப் படம் வாசிக்கும் கதிரியக்க மருத்துவர். அம்மாவின் படத்தைப் பார்க்காமல் அது என்னவென்று என்னால் சொல்ல முடியாது. ஆனால், அந்த வரியை எழுதியவர் என்ன பார்த்திருப்பார், ஏன் அதற்குமேல் போகவில்லை என்பதைச் சொல்ல முடியும்.

சிடி படம் புகைப்படம் போலத் தோன்றினாலும், உண்மையில் அது ஓர் எண்கணக்கு. 1971-இல் இலண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்த கருவியை வடிவமைத்த ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில்தான் அந்த எண்களின் அளவுகோல் இன்றும் வழங்குகிறது. தண்ணீர் 0, காற்று -1000, கொழுப்பு ஏறத்தாழ -100, தசை 50-ஐ ஒட்டி, எலும்பு பல நூறுகள். முடிச்சுக்குள் கொழுப்பின் எண் தெரிந்தால் அது பெரும்பாலும் தீங்கற்ற கட்டி என்று எழுதிவிடுவோம். நடுவில் சுண்ணாம்பு கட்டியாகப் படிந்திருந்தால், என்றோ வந்து ஆறிய தொற்றின் வடு என்று எழுதிவிடுவோம். இரண்டும் இல்லாதபோதுதான் "திடமான முடிச்சு" என்ற பெயர் வருகிறது. அந்தப் பெயர் எந்த நோயையும் குறிப்பதில்லை.

சரி, விளிம்பைப் பார்த்துச் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு சந்தேகத்தைக் கூட்டும், வழவழப்பான விளிம்பு குறைக்கும். ஆனால் சிறுநீரகக் கல்லுக்காக எடுக்கும் படம் குறைந்த கதிர்வீச்சில், சில மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்டுகளாக எடுக்கப்படுவது. 7 மில்லிமீட்டர் முடிச்சு அதில் இரண்டு மூன்று வெட்டுகளில்தான் தெரியும். ஒரு வெட்டில் குறுக்கே பத்துப் புள்ளிகள் இருந்தால் அதிகம். பத்துப் புள்ளிகளை வைத்துக்கொண்டு விளிம்பைப் பற்றி வாதிடுவது, அடுத்த தொகுதியின் மாடத்தில் நிற்பவரின் முகபாவத்தைப் பற்றி வாதிடுவது போலத்தான்.

எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி காலம். திடமான புற்றுநோய் முடிச்சுகளின் கன அளவு பெரும்பாலும் 100 முதல் 400 நாட்களுக்குள் இரட்டிப்பாகும். கன அளவு இரட்டிப்பாவதற்கு விட்டம் இரட்டிப்பாக வேண்டியதில்லை. 7 மில்லிமீட்டர் 8.8 ஆனாலே போதும். அதனால்தான் இரண்டு ஆண்டுகள் மாறாமல் இருக்கும் திடமான முடிச்சைத் தீங்கற்றதாகக் கொள்கிறோம். அந்த இரண்டு ஆண்டுகளை இனிமேல் காத்திருந்தும் பெறலாம்; பழைய படம் ஒன்று கிடைத்தால், ஏற்கெனவே காத்து முடித்த ஆண்டுகள் கையில் கிடைத்த மாதிரி. எனவே உங்களிடம் ஒரே கேள்வி: அம்மாவுக்கு இதற்கு முன் நெஞ்சிலோ வயிற்றிலோ எப்போதாவது சிடி எடுத்திருக்கிறார்களா?

பொங்கோல்வாசி | 4 மார்ச், மதியம் 12.40

கருவிழி ஐயா, மருத்துவர் ஐயா, இருவருக்கும் நன்றி. 2017-இல் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவுக்குக் காய்ச்சலும் இருமலும் மூன்று வாரம் நீடித்ததால், திருச்சியில் நெஞ்சுக்கு சிடி எடுத்ததாக அப்பா சொல்கிறார். நிமோனியா என்று சொல்லி மருந்து கொடுத்தார்களாம். படங்கள் மாமா வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். இங்குள்ள மருத்துவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இன்னொரு வருத்தமும் உண்டு. ஸ்கேனுக்கு அனுப்பிய படிவத்தில் "இடுப்புப் பக்கம் வலி, கல்?" என்று மட்டும்தான் இருந்தது. அம்மாவின் பழைய நோய்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. படம் வாசித்தவருக்கு அம்மா ஓர் எண் மட்டும்தானா?

நான்காமாண்டு_மாணவி | 4 மார்ச், மாலை 5.05

அக்கா, உங்கள் வருத்தத்தை மறுக்கவில்லை. நான் மருத்துவ மாணவி. இது தொடர்பாக எனக்கு ஓர் ஐயம் உண்டு. நோயாளியின் கதையை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், வாசிப்பவரின் கண் அந்தக் கதையைத்தானே தேடும்? "கல்?" என்று எழுதியிருந்தால் கல்லைக் கண்டதும் மனம் நிறைவடைந்து, மற்றவற்றை விட்டுவிடும் அபாயம் இல்லையா? எதுவுமே தெரியாமல் வாசிப்பதுதான் நேர்மையான வாசிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

கருவிழி | 4 மார்ச், இரவு 9.10

நல்ல கேள்வி, எங்கள் துறைக்குள்ளேயே பழைய வழக்கு இது. ஒரு நோய் வெளிப்பட்டதும் தேடல் தளர்ந்துபோவதற்குப் பெயரே உண்டு, தேடலின் நிறைவு என்பார்கள். ஆனால் கதை தெரியாமல் வாசிப்பதில் இழப்பு அதிகம். நுரையீரலில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் காய்ச்சல்காரருக்கு அது நிமோனியா. ஆறு மாதமாக எடை குறைந்துவருபவருக்கு அது காசநோயாகவோ புற்றுநோயாகவோ இருக்கலாம். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவருக்கு அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். படம் மூவருக்கும் ஒன்றேதான். விவரத்துடனும் விவரமில்லாமலும் வாசித்து ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2004-இல் வந்த ஆய்வுரையும், விவரம் தெரிந்த வாசிப்பே மொத்தத்தில் துல்லியமானது என்றுதான் கண்டது.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். படிவத்தைப் பார்க்காமல் ஒரு முறை படத்தை முழுவதும் உருட்டிப் பார்ப்பேன். பிறகு படிவத்தை வாசித்துவிட்டு, கேட்ட கேள்விக்கு விடை தேடுவேன். மூன்றாவதாக, யாரும் கேட்காத இடங்களுக்குப் போவேன்: நுரையீரல் அடி, எலும்பு, தோலுக்கடியில், படத்தின் நான்கு ஓரங்கள். உங்கள் அம்மாவின் முடிச்சைக் கண்டவரும் அந்த மூன்றாவது சுற்றில்தான் கண்டிருப்பார். படிவத்தில் நுரையீரல் என்ற சொல்லே இல்லாதபோதும் அவர் அங்கே போயிருக்கிறார், பொங்கோல்வாசி. எண்ணாக மட்டும் பார்த்தவர் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார்.

இருட்டறை | 5 மார்ச், காலை 8.30

நான் 1979 முதல் ஊடுகதிர்ப் படம் எடுத்து ஓய்வுபெற்றவன். வாசிப்பதைப் பற்றி மருத்துவர்கள் பேசிவிட்டார்கள். வாசிக்கப்படும் பொருள் எப்படி உருவாகிறது என்பதை நான் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் பாதித் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் காலத்தில் படத்தை இருட்டறையில் கழுவித் தொங்கவிட்டு, ஈரம் காயும் முன்பே விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்ப்போம். ஒருமுறை நம்மூர்ப் பெண் ஒருவரின் நெஞ்சுப் படத்தில், வலது நுரையீரலின் உச்சியில் நீளவாட்டில் ஒரு நிழல் தெரிந்தது. உச்சியில் நிழல் என்றாலே காசநோய் நினைவுக்கு வரும்; அந்த நோய் மீண்டும் தலைதூக்கும்போது விரும்பித் தங்கும் இடம் அது. இளம் மருத்துவர் சளிப் பரிசோதனைக்கு எழுதத் தொடங்கிவிட்டார். நான் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். எண்ணெய் தேய்த்து இறுகப் பின்னிய சடை, தோளுக்கு முன்னால் விழுந்து கிடந்தது. சடையைத் தூக்கிக் கொண்டை போடச் சொல்லி மறுபடி எடுத்ததும் நிழல் மறைந்துவிட்டது. அன்று முதல் நெஞ்சுப் படத்துக்கு வரும் எந்தப் பெண்ணிடமும் முதலில் சடையைத்தான் கேட்பேன். தாயத்து, சேலை ஊக்கு, நோயாளிக்கே நினைவில்லாத பழைய மருந்துப் பட்டை என எல்லாம் படத்தில் நோய் வேடம் போட்டு வந்திருக்கின்றன.

மூச்சும் அப்படித்தான். முழுதாக இழுத்துப் பிடிக்காமல் அரைமூச்சில் எடுத்தால் இதயம் பெரிதாகத் தெரியும், நுரையீரல் அடி வெண்மையாகும். படுக்கையிலேயே முன்பக்கமிருந்து எடுத்தாலும் இதயம் பெரிதாகும், ஏனெனில் அது படத்தகட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. விளக்குக்கும் சுவருக்கும் நடுவே கையை வைத்து நிழல் காட்டிய பிள்ளைகளுக்கு இது தெரியும். வெளிநாட்டு ஊழியர்களின் மருத்துவப் பரிசோதனைக்காக வரிசையில் நின்றவர்கள் மொழி புரியாமல் மூச்சை வெளியே விட்டுவிடுவார்கள். "மூச்சை இழு, அடக்கு" என்று தமிழிலும், வங்காளத்தில் நான்கு சொல்லிலும் சொல்லக் கற்றுக்கொண்டேன். மறுபடம் எடுக்க வேண்டிய தேவை அதனாலேயே குறைந்தது.

முதுகுவலிக்காரன் | 5 மார்ச், மதியம் 2.15

நான் டாக்சி ஓட்டுபவன். முதுகு வலிக்கு எம்ஆர்ஐ எடுத்ததில் "மூன்று இடங்களில் வட்டு (முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை) பிதுங்கியுள்ளது" என்று வந்தது. அறிக்கையை வாசித்த நாளிலிருந்து குனியவே பயமாகிவிட்டது. பிறகு ஒரு சிறப்பு மருத்துவர், வலியே இல்லாத மக்களைப் படமெடுத்தாலும் இது தெரியும் என்றார். அது உண்மையென்றால் படம் எதற்கு?

தெம்பனிஸ்_மருத்துவர் | 5 மார்ச், மாலை 6.50

உண்மைதான். வலியற்றவர்களின் முதுகுப் படங்களைத் தொகுத்து 2015-இல் வெளிவந்த ஆய்வின்படி, 20 வயதினரிலேயே 30 விழுக்காட்டினருக்கு வட்டுப் பிதுக்கம் இருந்தது. 80 வயதினரில் அது 84 விழுக்காடு. நரையைப் போன்றதொரு மாற்றம் அது. ஆனால், வலது காலில் பெருவிரல் வரை இறங்கும் வலியும், அந்தப் பாதத்தைத் தூக்க முடியாத பலவீனமும் உள்ள ஒருவருக்கு, அதே நரம்பை அதே பக்கத்தில் அழுத்தும் வட்டு படத்தில் தெரிந்தால், அப்போது அந்தப் பிதுக்கம் நோயாகிறது. "நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்" என்ற வரியின் பொருள் இதுதான், பொங்கோல்வாசி. பொருத்திப் பார்க்க வேண்டியவர் என்னைப் போன்ற, அனுப்பி வைத்த மருத்துவர். அந்த வரியைச் சிலர் தப்பித்துக்கொள்ளும் வரியாகவும் எழுதுகிறார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை.

உட்லண்ட்ஸ்_பொறியாளர் | 5 மார்ச், இரவு 11.20

கணினிச் சில்லுத் தகடுகளில் குறை தேடும் கருவிகளோடு வேலை செய்பவன் நான். எங்களுக்கு ஒரு வசதி உண்டு: குறையற்ற தகடு எப்படி இருக்கும் என்பதன் மாதிரி கையில் இருக்கிறது, அதிலிருந்து விலகுவதெல்லாம் குறை. மனித உடலுக்கு அப்படியொரு மாதிரி இல்லை என்பது இந்த இழையை வாசித்தபோது புரிந்தது. ஆனாலும், 2013-இல் வந்த ஒரு சோதனையை இங்கே நினைவூட்ட வேண்டும். நுரையீரல் சிடி வெட்டுகளில் முடிச்சுகளைத் தேடச் சொல்லிவிட்டு, கடைசிப் படத்தில் ஒரு கொரில்லாவின் உருவத்தைச் செருகி வைத்தார்கள். சராசரி முடிச்சைவிட அது 48 மடங்கு பெரிது. 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர் அதைக் காணவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் பார்வை கொரில்லா இருந்த இடத்திலேயே பதிந்திருந்தது என்பதைக் கண்ணசைவுப் பதிவு காட்டியது. இயந்திரத்துக்கு இந்தச் சோர்வு இல்லையே? அதனிடமே விட்டுவிடலாமே?

கருவிழி | 6 மார்ச், காலை 6.40

கொரில்லாவைக் காணாத இருபது பேரில் நானும் ஒருவனாக இருந்திருப்பேன் என்றே நினைக்கிறேன். இயந்திரம் களைப்படையாது, சரி. ஆனால் முடிச்சைத் தேடப் பழக்கிய மென்பொருள் முடிச்சைத்தான் தேடும். கொரில்லாவைக் கற்காதவரை அதற்கும் கொரில்லா தெரியாது. மார்பக ஊடுகதிர்ப் படங்களை இருவர் தனித்தனியே வாசிப்பது போல, இரண்டாவது சோடிக் கண்ணாக அதை வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை.

பொங்கோல்வாசி | 8 மார்ச், இரவு 9.30

அவசரமாக எழுதுகிறேன். மாமா மகன் பரணிலிருந்து பெரிய உறையைக் கண்டெடுத்து, 2017 படத்தாள்களைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கைப்பேசியில் எடுத்து அனுப்பினான். வலது பக்க அடிப்பகுதியில் எந்த முடிச்சும் இல்லை. அப்படியானால் இது புதிதாக வளர்ந்ததுதானே? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கருவிழி | 8 மார்ச், இரவு 9.55

பொறுங்கள், அப்பாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். அந்தத் தாள்களில் இதயமும் இரத்தக் குழாய்களும் சாம்பல் நிறத்தில் தெளிவாகவும், நுரையீரல் முழுக் கறுப்பாகவும் இருக்கின்றனவா?

பொங்கோல்வாசி | 8 மார்ச், இரவு 10.02

ஆம் ஐயா, நுரையீரல் கரிக்கட்டை போல இருக்கிறது.

கருவிழி | 8 மார்ச், இரவு 10.30

அப்படியானால் அந்தத் தாள் நுரையீரலைக் காட்டவே இல்லை. சிடி எண்கள் ஆயிரக்கணக்கில் விரிந்தவை. கண்ணால் பிரித்தறியக்கூடிய சாம்பல் நிறங்கள் சில பத்துகளே. ஆகவே எண்களில் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து நிறமாக்குகிறோம், அதற்குச் சாளரம் என்று பெயர். மென்திசுச் சாளரத்தில் 40-ஐ நடுவாகக் கொண்டு 400 அகலம் வைத்தால், -160-க்குக் கீழே உள்ள எல்லாமே கறுப்பு. நுரையீரல் சாளரத்தில் நடு -600, அகலம் 1500. உங்களிடம் இருப்பது முதல் வகை. தாளில் அச்சிட்டவை தடிமனான வெட்டுகளாகவும் இருந்தால், சிறிய முடிச்சு சுற்றியிருக்கும் காற்றோடு கலந்து சராசரியாகி -160-க்குக் கீழே இறங்கி, இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும்.

உறைக்குள் குறுந்தட்டு ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதில்தான் மூல எண்கள் இருக்கும். கைப்பேசிப் படத்தை வைத்து நானோ வேறு யாரோ முடிவு சொன்னால் நம்பாதீர்கள்.

பொங்கோல்வாசி | 9 மார்ச், காலை 11.15

குறுந்தட்டு இருக்கிறது. உறையின் அடியில் ரசீதோடு ஒட்டிக் கிடந்ததாம். வியாழக்கிழமை திருச்சி விமானத்தில் வரும் உறவினரிடம் கொடுத்தனுப்புகிறார்கள். 18-ஆம் தேதி மருத்துவமனைச் சந்திப்பு இருக்கிறது, அப்போது கொடுத்துவிடுவோம்.

இருட்டறை | 10 மார்ச், காலை 7.50

நல்ல செய்தி. காத்திருக்கும் நேரத்தில் முதல் பதிவை மறுபடி வாசித்தேன். நாம் அனைவரும் ஒரு வாரமாக முடிச்சையே பேசிக்கொண்டிருக்கிறோம். அறிக்கையில் அதற்கு முந்தைய வரியை யாராவது கவனித்தீர்களா? "எல் 1 முள்ளெலும்பின் மேல்விளிம்பு சற்று அமிழ்ந்துள்ளது." 71 வயதுப் பெண்ணின் முள்ளெலும்பு அமிழ்ந்திருக்கிறது என்றால் அது நசுங்கிய எலும்பு இல்லையா? நான் படம் எடுத்தவன்தான், வாசித்தவன் அல்லன். தவறென்றால் மருத்துவர்கள் திருத்துங்கள்.

கருவிழி | 10 மார்ச், மதியம் 1.05

தவறில்லை ஐயா. தேடலின் நிறைவைப் பற்றி மாணவிக்கு வகுப்பெடுத்த நானே அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். உட்லண்ட்ஸ் பொறியாளர் கொரில்லாவைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகும்.

பொங்கோல்வாசி முதலில் கேட்கப்போவதற்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். முடிச்சும் எலும்பும் சேர்ந்தால் நோய் பரவியிருக்கிறதோ என்ற அச்சம் வரும். அறிக்கை எழுதியவரும் அதை எண்ணிப் பார்த்திருக்கிறார். அதனால்தான் "பின்விளிம்பு நேராக உள்ளது, எலும்பு அரிப்பு இல்லை" என்று சேர்த்திருக்கிறார். புற்றுநோயால் உடையும் எலும்பு பெரும்பாலும் பின்பக்கம் புடைக்கும், உள்ளே அரித்திருக்கும். இது எலும்பு அடர்த்திக் குறைவால் நசுங்கியதற்குரிய வருணனை. நான் எழுதியிருந்தால் "அமிழ்ந்துள்ளது" என்று விடாமல், "நசுங்கல் முறிவு" என்ற சொல்லையே போட்டிருப்பேன். மென்மையான சொல் வாசிப்பவரின் கண்ணில் படாமல் போய்விடுகிறது. பழைய முறிவா புதியதா என்பதை இந்த ஒரு படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்வது கடினம்.

தெம்பனிஸ்_மருத்துவர் | 10 மார்ச், இரவு 8.20

நானும் தலைகுனிகிறேன், இதே இழையில் முதுகைப் பற்றி எழுதியபோதுகூட எனக்கு அது உறைக்கவில்லை. அம்மாவின் எடை எவ்வளவு? ஆசியப் பெண்களுக்காக நாங்கள் பயன்படுத்தும் எளிய கணக்கொன்று உண்டு: வயதிலிருந்து எடையைக் கழித்து, 20-க்கு மேல் வந்தால் எலும்பு அடர்த்தி குறைந்திருக்கும் வாய்ப்பு மிக அதிகம். பெரிய அடி எதுவும் படாமலேயே முள்ளெலும்பு நசுங்கியிருந்தால், அடர்த்திப் பரிசோதனையின் எண் எதுவாக இருந்தாலும் ஆஸ்டியோபொரோசிஸ் (எலும்பு மெலியும் நோய்) என்றே கொண்டு சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு முறிவு வந்தவருக்கு அடுத்தது வரும் வாய்ப்பு கூடுகிறது, இடுப்பெலும்பு முறிவு உட்பட. விழுந்தாரா, முதுகு வலித்ததா, உயரம் குறைந்ததா என்று கேட்டுவிட்டு 18-ஆம் தேதி மறக்காமல் சொல்லுங்கள்.

பொங்கோல்வாசி | 19 மார்ச், இரவு 10.10

நேற்றைய சந்திப்பு முடிந்தது. விரிவாக எழுதுகிறேன், நீங்கள் அனைவரும் அதற்கு உரியவர்கள்.

குறுந்தட்டிலிருந்த படங்களைத் தங்கள் கணினியில் ஏற்றி, நுரையீரல் சாளரத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். 2017-இலும் அதே இடத்தில் அதே முடிச்சு இருக்கிறது. அன்று 6 மில்லிமீட்டர், இன்று 7. இந்த ஒரு மில்லிமீட்டர் அளக்கும் கைக்குள்ளேயே அடங்கும் வேறுபாடு, வளர்ச்சியாகக் கொள்ள முடியாது என்றார் மருத்துவர். எட்டு ஆண்டுகளாக மாறாதது என்பதால், அதற்கென இனிப் படம் எடுக்க வேண்டியதில்லையாம். அன்றைய தொற்றின் வடுவாக இருக்கலாம் என்றார். அப்பா எழுந்து நின்று அவருக்குக் கைகொடுத்தார்.

பிறகு நான் எல் 1 பற்றிக் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, அதே 2017 படத்தைக் கீழே உருட்டிக்கொண்டே போனார். நெஞ்சுக்காக எடுத்த படமானாலும் கடைசி வெட்டுகள் வயிற்றின் மேற்பகுதி வரை போயிருந்தன. அதில் எல் 1 முழுதாகத் தெரிந்தது. பக்கவாட்டில் திருப்பிக் காட்டினார். அன்று அது சதுரமாக, மேல்விளிம்பு நேராக இருந்தது. இன்றைய படத்தில் முன்பக்கம் ஆப்பு போல இறங்கியிருக்கிறது, உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. எந்தத் தட்டு முடிச்சு மாறவில்லை என்று சொன்னதோ, அதே தட்டு எலும்பு மாறிவிட்டது என்றும் சொன்னது.

அம்மாவின் எடை 48 கிலோ, கணக்கு 23 வருகிறது. முதுகு வலித்ததா என்று மருத்துவர் கேட்டபோது, சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம் மாவாட்டிவிட்டுக் கிரைண்டர் கல்லைத் தூக்கியபோது முதுகில் "சடக்" என்றதாகவும், இரண்டு மாதம் வலித்துத் தானாக விட்டுவிட்டதாகவும் சொன்னார். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கோபப்பட்டேன். "எல்லாரும் அந்தக் கல்லைப் பத்தித்தானே கேட்டீங்க, இந்தக் கல்லை யாரு கேட்டா?" என்றார்.

எலும்பு அடர்த்திப் பரிசோதனை ஏப்ரல் 2-ஆம் தேதி. இரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம் அளவுகளுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். குறுந்தட்டை இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை என் தம்பி வீட்டில் வைத்துவிட்டேன். கிரைண்டரைக் கீழ்த்தளத்து அக்காவுக்குக் கொடுத்துவிட்டோம். அம்மா இன்னும் அதற்குச் சம்மதிக்கவில்லை.